அம்மா வளர்த்த கோழிகள்

செனாயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அம்மா நாட்டுக்கோழி வளர்க்கிறார். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்துப் பழக்கம். போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது 32 கோழிகள் நின்றன. பாதியை விற்று, என் தங்கை மகளின் பள்ளிச் செலவுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் 4 கோழிகள் செத்துக் கிடந்தன. மற்றவை வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறின. ஒன்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டது.

"வெள்ளைக்கழிச்சல்தான்டா. மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைச்சுக் கொடுத்தா நின்னுடும்" என்றார் அம்மா. பக்கத்து வீட்டு அண்ணனோ, உயிரோடு இருப்பதை உடனே அறுத்து விற்கச் சொன்னார். எனக்கு 2004இல் கிளந்தானில் வந்த பறவைக் காய்ச்சல் ஞாபகம் வந்தது. என் நான்கு வயது மகன் குஞ்சுகளோடுதான் நாள் முழுக்க விளையாடுவான்.

கால்நடை இலாகாவுக்கு ஃபோன் செய்தேன். செத்த கோழியை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் வைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். உறைய வைக்கக் கூடாதாம். ஜோகூர் பாருவில் உள்ள ஆய்வகத்துக்கு அப்படியே எடுத்துப் போனேன்.

அங்கிருந்த அதிகாரி பொறுமைசாலி. வெறும் கண்ணால் பார்த்து இது சம்பார் ஆயாமா, பறவைக் காய்ச்சலா என்று சொல்ல முடியாது என்றார். தொண்டையிலும் பின்புறத்திலும் குச்சி விட்டு மாதிரி எடுக்கிறார்கள். கோவிட் காலத்தில் நமக்குச் செய்தார்களே, அதே பிசிஆர் சோதனை கோழிக்கும் உண்டு. பழைய முறை எனக்கு இன்னும் வியப்பாக இருந்தது. 9, 10 நாள் கரு வளர்ந்த முட்டைக்குள் மாதிரியைச் செலுத்தி, கிருமி பெருகியதும் கருவைச் சுற்றியுள்ள நீரை எடுத்துக் கோழியின் சிவப்பணுக்களோடு கலப்பார்களாம். கிருமி இருந்தால் அணுக்கள் ஒட்டி வலைபோல் ஆகும். ஆனால் இரண்டு கிருமியும் அப்படித்தான் செய்யும். அதனால் ஒவ்வொரு நோய்க்குமான எதிர்ப்புச் சீரத்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். எந்தச் சீரம் ஒட்டுவதைத் தடுக்கிறதோ, அந்த நோய்தான்.

"புதுக் கோழி ஏதாவது வாங்கினீங்களா?" என்று கேட்டார்.

எட்டு நாளுக்கு முன்னால் பாசாரில் இரண்டு செம்பெட்டைகளை வாங்கி, நேராகக் கூண்டில் விட்டவன் நான்தான். அவரிடம் சொன்னேன். வீட்டில் சொல்லவில்லை.

முடிவு வருவதற்குள் கூண்டு பாதிக்கு மேல் காலி. மகனைப் பின்கட்டுப் பக்கமே விடவில்லை. ஐந்தாம் நாள் அழைத்தார்கள். பறவைக் காய்ச்சல் இல்லை, நியூகாசல் நோய். ஊரில் ராணிக்கெட் என்பதும், அம்மா வெள்ளைக்கழிச்சல் என்றதும் இதைத்தான். நோயின் பெயரில் அம்மா தவறவில்லை. மருந்தில்தான் தவறினார். வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசிதான் வழி. வெயிலைத் தாங்கும், தீவனத்தில் கலந்து கொடுக்கும் தடுப்பு மருந்தைக் கம்பத்துக் கோழிகளுக்காகவே 1980களில் நம் புத்ரா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். எங்களுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

மிஞ்சியது 5 கோழி. செத்தவற்றைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்த அன்று மாலை, அம்மாவிடம் மெல்லப் பேச்செடுத்தேன்.

"அந்தச் செம்பெட்டை ரெண்டும் மொதல்ல செத்தப்பவே தெரியும்டா" என்றார், தண்ணீர்த் தட்டைத் தேய்த்துக்கொண்டே.

தங்கை மகளின் பள்ளிச் செலவை நான் கட்டினேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.