கடற்காற்று எத்தனை மணிக்கு?

கோயம்புத்தூர்க்காரர்களிடம் சென்னைவாசி வானிலையைப் பற்றிப் பேசக் கூடாது. என் சித்தப்பா மகன் அங்கேதான் இருக்கிறான். இங்கே வரும்போதெல்லாம் சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிடும். உடனே ஆரம்பித்துவிடுவான். "ஏனுங்ணா, இந்த ஊர்ல மனுசன் வெளிய வருவானுங்களா? இல்ல மே மாசம் உள்ள போயி டிசம்பர்லதான் கதவத் தொறப்பீங்களா?" வெயில், கடும்வெயில், கொடும்வெயில் என்று சென்னைக்கு மூன்றே பருவம்தான் என்கிற பழைய ஜோக்கும் கூடவே வரும். நான் வாதாடுவதில்லை. 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யாரிடம் வழக்காடுவது?

ஆனால் அவன் மாதங்களையே பார்க்கிறான். இந்த ஊரில் எந்த மாதம் வெளியே போகலாம் என்று கேட்டால் பதில் கிடைக்காது. எத்தனை மணிக்கு என்று கேட்டால் பன்னிரண்டு மாதத்துக்கும் பதில் உண்டு.

மே மாதத்தையே எடுத்துக்கொள்வோம். காலை பத்து மணிக்கெல்லாம் மேற்கேயிருந்து உலர்ந்த காற்று வீச ஆரம்பிக்கும். மொட்டை மாடிக் கொடியில் காயும் வேட்டி கிழக்கே பார்த்துப் படபடக்கும். ஒரு மணி, ஒன்றரை மணிவாக்கில் சட்டென்று எல்லாம் நிற்கும். வேட்டி தொங்கிப்போகும். கொஞ்ச நேரத்துக்கு இலை அசையாது. அந்தப் புழுக்கம்தான் நாளிலேயே மோசமானது. அப்போது மாடியில் நிற்க என்னைப் போல ஒரு கிறுக்கு வேண்டும். பிறகு வேட்டியின் ஓரம் மெல்ல மேற்குப் பக்கம் தூக்கும். தரை சூடேறி, அதன் மேலிருக்கும் காற்று கிளம்பி மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. பாடப்புத்தகத்தில் இரண்டு அம்புக்குறி போட்டு முடித்துவிட்ட சமாச்சாரம். அதை உடம்பால் உணர மாடிக்குப் போக வேண்டும்.

எங்கள் தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி செய்யும் பெரியவருக்கு இது மணிக்கணக்காகத் தெரியும். கரிப்பெட்டியின் நெருப்பு எந்தப் பக்கம் சீறுகிறது என்பதைப் பார்த்தே சொல்லிவிடுவார், "காத்து திரும்பிடுச்சு சார், இனிமே போலாம்" என்று. பதினொன்றரை, பன்னிரண்டுக்கே கடற்காற்று வந்துவிட்டால் அன்றைய வெயில் முப்பத்தாறு, முப்பத்தேழோடு அடங்கும். மேல்காற்றுக்கு வலு அதிகமாகி மூன்று மணிவரை கடலோரத்திலேயே அதை மறித்து நிறுத்திவிட்டால் நாற்பதைத் தாண்டும். மயிலாப்பூரில் காற்று திரும்பி வெகு நேரம் கழித்துத்தான் பூந்தமல்லிக்கு அது போய்ச் சேரும். சில நாள் போய்ச் சேராது. இரவுச் செய்தியில் '40 டிகிரி' என்று மட்டும் சொல்வார்கள். காற்று எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்வதில்லை. எனக்கு வேண்டியது அந்தச் செய்திதான். ஐந்து மணிக்கு எலியட்ஸ் கடற்கரையில் உட்கார்ந்து மாங்காய்ப் பத்தை தின்பவர்களைப் பார்த்தால், காலையில் இந்த ஊரைச் சபித்தவர்கள் இவர்கள்தானா என்று தோன்றும்.

நம் இலக்கணக்காரர்களுக்கு இது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகவும் நாளைச் சிறுபொழுதுகளாகவும் பிரித்து, நிலத்துக்கு நிலம் பங்கு வைத்தார்கள். முல்லைக்குக் கார்காலம், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும். கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தலுக்கு வரும்போது தனியாக ஒரு பருவத்தைக் கொடுக்காமல் ஆறையும் கொடுத்துவிட்டார்கள். பொழுது மட்டும் கறாராக ஒன்று, எற்பாடு. வெயில் சாய்கிற நேரம். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியபோது, பின்னாளில் நடைப்பயிற்சிக்கு நேரம் குறிக்க உதவும் என்று நான் நினைக்கவில்லை.

மே மாதத்துக்கு இன்னொரு நல்ல பொழுதும் உண்டு, காலை ஐந்தே முக்கால். அண்ணா நகர், பெசன்ட் நகர் குறுக்குத் தெருக்களில் இரவெல்லாம் உதிர்ந்த பெருங்கொன்றைப் பூ, நிறுத்தி வைத்த கார்களின் மேல் மஞ்சளாக மூடிக் கிடக்கும். துப்புரவுப் பணியாளர்கள் வருவதற்குள் பார்த்துவிட வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது பெருங்கொன்றையும் குல்மொகரும் தூங்குமூஞ்சியும் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. பல தெருக்கள் மறுநாள் அடையாளம் தெரியாமல் நின்றன. வேரூன்றி நிற்கிற நாட்டு மரங்களை நட வேண்டும் என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள். நியாயம்தான். என்றாலும் அந்த மஞ்சளை இழக்க எனக்கு மனமில்லை. தெருவுக்கு நாலு புங்கம் வைத்தால் நடுவே ஒரு பெருங்கொன்றையும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சீசன், வால்பாறையில் மழை என்று படங்கள் வந்துகொண்டிருக்கும். சென்னைக்கு அந்தப் பருவமழையில் நேரடிப் பங்கு குறைவு. ஆனால் ஓர் உபரி வருமானம் உண்டு. மேற்கேயிருந்து வரும் காற்றும் கிழக்கேயிருந்து நுழையும் கடற்காற்றும் ஊருக்கு உள்ளே எங்கோ முட்டிக்கொள்ளும் இடத்தில் மேகம் கட்டும். ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கம் கறுத்து, இரவு எட்டு, ஒன்பது மணிக்கு இடியோடு கடலை நோக்கி நகர்ந்து வரும். வானிலை அறிக்கையில் 'வெப்பச் சலனம்' என்பார்கள். இப்போது செல்போனில் ரேடார் படம் பார்க்காத ஆள் இல்லை. சாப்பாட்டுத் தட்டோடு மாடிக்குப் போய், மேற்கு வானத்தில் மின்னல் கிளைவிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஜூலை மாதத்தின் பெரிய பொழுதுபோக்கு. டிக்கெட் கிடையாது. சில இரவு வண்டலூரோடு திரும்பிவிடும், அந்த ஏமாற்றமும் சேர்த்துத்தான்.

2019 ஆகஸ்டில் ஓர் இரவு, திருவான்மியூர் பக்கத்துக் கடலில் அலை நீலமாக எரிந்தது. நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகி, அலை உடையும்போதெல்லாம் ஒளிவிட்டது. செய்தி பரவியதும் ஊரே குடும்பத்தோடு கரைக்கு ஓடியது. போனவர்களில் பாதிப்பேர் செல்போன் விளக்கை அடித்துக்கொண்டு அந்த ஒளியைத் தேடினார்கள் என்பது வேறு கதை. கடல் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டு மகிழவில்லை. கழிவு கலந்து சத்து ஏறிய நீரிலும் அது இப்படிப் பெருகும். பெருகினால் மீனுக்கு ஆகாது. அழகாக இருக்கிறதே என்று பார்க்கிற எல்லாமே நல்ல செய்தியாக இருந்துவிடுவதில்லை.

அக்டோபர் வந்தால் கண்ணை மேலே வைத்திருக்க வேண்டும். வெற்று மைதானங்களின் மேல் தட்டான்கள் கூட்டமாக மிதக்கும். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று பாட்டி சொன்னதோடு நாம் விட்டுவிட்டோம். மாலத்தீவில் வசித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், இந்தியாவிலிருந்து பருவக்காற்றில் ஏறி மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை இந்தப் பூச்சிகள் கடல் தாண்டிப் போவதாக 2009-இல் எழுதினார். கார்ப்பரேஷன் மைதானத்தில் கிரிக்கெட் பந்துக்கு நடுவே பறக்கிற தட்டானைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்துவிடுகிறது.

அதே வாரங்களில் வடக்கேயிருந்து ஆறுமணிக் குருவி வரும். இரவெல்லாம் பறந்து களைத்து, விடியற்காலையில் நகரத்துக்குள் எங்காவது விழுந்து கிடக்கும். போன வருடம் கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, "தம்பி, கலர் கலரா ஒண்ணு வாஷிங் மெஷின் பக்கத்துல உக்காந்திருக்கு, பறக்கவே மாட்டேங்குது" என்றார். பச்சை முதுகு, இறக்கையில் ஒரு நீலத் தீற்றல், வால் அடியில் சிவப்பு, கண்ணின் மேல் அழுத்தி இழுத்த கறுப்புக் கோடு. வெளியே காக்கைகள் காத்திருந்தன. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, இருட்டில் சும்மா விட்டுவைத்தோம். சாயங்காலம் செம்பருத்திப் புதருக்கு அடியில் திறந்ததும் இரண்டு தத்துத் தத்தி மறைந்தது. அதிகாலை, அந்தி இரண்டு வேளையும் ஆறு மணிவாக்கில் கூவுவதால்தான் அந்தப் பெயர். எங்கள் புதரில் அது கூவவில்லை.

பிறகு மழை. ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் பெய்யும் இந்த ஊரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதும் இந்தப் பருவத்தின் சடங்குகளில் ஒன்றாகிவிட்டது. அவர்களிடம் போய் மழையை ரசியுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் புயல் மழை ஒரேயடியாகப் பெய்வதில்லை. பட்டை பட்டையாக வரும், நடுவே இடைவெளி விடும். அந்த இடைவெளியில் ஏரி பார்க்கக் கிளம்புகிற கூட்டத்தில் நானும் ஒருவன். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. இருபத்திரண்டைத் தொட்டதும் பத்திரிகையில் தினம் போட ஆரம்பிப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்த எண்ணைப் படிக்கும்போது சந்தோஷமும் வயிற்றுக் கலக்கமும் ஒன்றாகவே வருகின்றன.

நிம்மதியாகப் பார்க்க வேண்டுமென்றால் மதுராந்தகம் போகலாம். ஏரி கலங்கல் வழிந்தால் சனங்கள் பிள்ளைகுட்டியோடு கரையில் நிற்பார்கள். உடையப்போன கரையை ராமனும் லட்சுமணனும் வில்லோடு நின்று காத்ததைக் கண்டதாகச் சொல்லப்படும் கலெக்டர் லயோனல் பிளேஸ்தான், பக்கத்திலிருக்கும் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊரார் கேட்டதை 1798-இல் ஏற்றுக்கொண்டவரும். ஊராரின் கணக்கு எளிமையானது. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். வேடந்தாங்கலுக்குக் காலையிலேயே போய் வெயிலேறத் திரும்பிவிடுகிறார்கள் பலர். நாலரை மணிக்குப் போக வேண்டும். நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் மேய்ச்சல் முடிந்து வரிசையாக வந்து, தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் இடத்துக்குச் சண்டை போடும் நேரம் அது.

மார்கழியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதைப் புகழ ஏற்கெனவே ஆள் அதிகம், சபா கேன்டீன் வரிசையில் நிற்பவர்கள் உட்பட.

தை பிறந்து பங்குனி முடியும்வரை என் நேரம் நள்ளிரவுக்கு மாறிவிடும். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். கடலாமைப் பாதுகாப்புக்கான மாணவர் குழு ஒன்று 1988-இலிருந்து இரவு இரவாக இந்தக் கரையில் நடக்கிறது. வார இறுதிகளில் பொதுமக்களையும் கூட்டிப்போகிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் ஈர மணலில் நடக்க வேண்டும், விளக்கு கூடாது. பல இரவுகளில் ஒன்றுமே வராது. வந்தால் நன்றாகப் பார்க்கலாம். பின்துடுப்புகளை மாற்றி மாற்றி, ஒன்று மணலை அள்ளும்போது மற்றது ஓரம் சரியாமல் பிடித்துக்கொள்ள, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போலக் குழி பறிக்கும். முட்டையிட ஆரம்பித்துவிட்டால் நாம் அருகில் உட்கார்ந்திருப்பதையும் பொருட்படுத்தாது. நூறு, நூற்றிருபது முட்டை. கண்ணிலிருந்து பிசினாக நீர் வழியும். அழுகிறது என்று பக்கத்தில் யாராவது ஒருவர் உருகுவார்; உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலை அது. மூடி முடித்ததும் உடம்பை இருபுறமும் ஆட்டித் தொப் தொப்பென்று மணலை இடித்துக் கெட்டிப்படுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடும்.

நாய்க்கும் தெருவிளக்குக்கும் பயந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். மணல் சூடு கூடினால் பெண் அதிகம், குறைந்தால் ஆண். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரத்தில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிர், இழுவலையில் மணிக்கணக்காகச் சிக்கினால் மூழ்கித்தான் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப்படகு வரக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அது மீறப்படுவதில் குப்பத்து ஃபைபர் படகுக்காரர்களுக்கும் கோபம்தான், அவர்கள் வலையையும் இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போகிறது. அந்த மாதம் நடக்கப் போனவர்கள் பிணங்களைத் தாண்டித்தான் நடந்தார்கள்.

கோயம்புத்தூர்த் தம்பி பங்குனிக் கடைசியில் குழந்தைகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். பொரிப்பகத்தில் குஞ்சு விடுவது பொழுது சாயும் நேரத்தில்தான். ஐந்து மணிக்கே பெசன்ட் நகர் போய்விட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் நாலரை. அதற்கு மேல் அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.