விழுந்தது ஒரு கணக்கு, எழாதது வேறு கணக்கு

2008இல் அமெரிக்கப் பொருளாதாரம் விழுந்ததற்கு யார் காரணம் என்றால் பதில் ஓரளவு தெளிவு. கட்ட வழியில்லாதவர்களுக்கும் வீட்டுக்கடனை அள்ளிக் கொடுத்தவர்கள், அந்தக் கடன்களைக் கட்டுக்கட்டாக்கி விற்ற வங்கிகள், அவற்றுக்கு முதல்தர முத்திரை குத்திய தரநிர்ணய நிறுவனங்கள், தடுக்கக் கடமைப்பட்டிருந்தும் தடுக்காத அதிகாரிகள். எழுந்திருக்க ஏன் அத்தனை காலம் பிடித்தது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் இரண்டாவது தவறைச் செய்தவர்கள் தப்பிவிட்டார்கள். எனக்கு அவர்கள் மேல்தான் அதிகக் கோபம்.

தேதிகள்: மந்தநிலை தொடங்கியது 2007 டிசம்பர். முடிந்தது 2009 ஜூன். வேலையின்மை உச்சத்தைத் தொட்டதோ 2009 அக்டோபரில், 10 சதவீதம். பறிபோன வேலைகள் சுமார் 87 லட்சம். பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப 2014 மே ஆனது. அதாவது, ஏட்டளவில் மந்தநிலை முடிந்து ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து.

*

விஸ்கான்சின் மாநிலத்தில் ஜேன்ஸ்வில் என்று ஓர் ஊர். மக்கள்தொகை அறுபதாயிரத்துச் சொச்சம். 1920களிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே வண்டிகள் தயாரான ஊர். அப்பா வேலை பார்த்த இடத்தில் மகன், பிறகு பேரன் என்று தலைமுறைகள் அந்த ஒரே ஆலையை நம்பி வாழ்ந்தன. 2008 டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, கடைசி வண்டி வெளியே வந்தது. அந்த ஆலைக்கு இருக்கை செய்து கொடுத்த லியர் கம்பெனியும் மூடியது. ஒன்றை நம்பி ஒன்று, வரிசையாக.

வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஏமி கோல்ட்ஸ்டைன் அந்த ஊரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எழுதிய 'ஜேன்ஸ்வில்' 2017இல் வந்தது. வேலை இழந்தவர்களுக்கு எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: புதுத் தொழில் கற்றுக்கொள். சொன்னபடியே கேட்டார்கள். நடுவயதில் பிளாக்ஹாக் தொழில்நுட்பக் கல்லூரியில் போய் உட்கார்ந்தார்கள். சிலருக்குக் கணினியை இயக்கவே முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு கோல்ட்ஸ்டைன் பொருளாதார அறிஞர்களின் துணையோடு கணக்கெடுத்தார். மறுபயிற்சி பெற்றவர்களைவிடப் பெறாதவர்களே வேலையிலும் சம்பளத்திலும் மேலாக இருந்தார்கள்.

இந்த ஒரு முடிவை வெகுநாள் யோசித்திருக்கிறேன். காரணம் பயிற்சி அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது. ஊரில் இருந்த வேலை கொஞ்சம். முதலில் ஓடிப்போய்ப் பிடித்தவர்களுக்கு அது கிடைத்தது, படித்து முடித்து வந்தவர்களுக்கு மிச்சமில்லை. பத்து நாற்காலிக்கு ஐம்பது பேர் நிற்கும்போது எவ்வளவு வேகமாக ஓடப் பழக்கினாலும் நாற்பது பேர் நின்றுகொண்டுதான் இருப்பார்கள்.

சிலர் இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வேய்ன் ஆலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வழிக்கு நாலரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். வாரம் முழுக்க அங்கே அறை எடுத்துத் தங்கி, வார இறுதிக்கு வீடு திரும்புவார்கள். உழைக்கச் சோம்பல்பட்டவர்கள் செய்கிற காரியமா இது?

*

'திறன் பொருந்தவில்லை' என்பது அந்தக் காலத்தில் படித்தவர்கள் வாயில் புழங்கிய விளக்கம். வேலைகள் இருக்கின்றன, அவற்றுக்கேற்ற ஆட்கள் இல்லை என்று. உண்மையானால் ஏதாவது சில தொழில்களிலாவது ஆளுக்குப் போட்டி வந்து சம்பளம் கிடுகிடுவென ஏறியிருக்க வேண்டும். பரவலாக அப்படி எதுவும் ஏறவில்லை.

மினியாபொலிஸ் பெடரல் ரிசர்வ் வங்கித் தலைவர் நாராயணா கோச்சர்லகோட்டா 2010இல் இதே கருத்தைப் பேசினார். கட்டடத் தொழிலாளியை ஆலைத் தொழிலாளியாக மாற்றும் வல்லமை மத்திய வங்கிக்கு இல்லை என்பது அவர் வாதம். 2012இல் சான்றுகளைப் பார்த்து மனம் மாறினார். வேலையின்மை 5.5 சதவீதத்துக்குக் கீழ் இறங்கும்வரை வட்டியை ஏற்றாதீர்கள் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். அந்தப் பதவியில் இருந்துகொண்டு எல்லோர் முன்னாலும் கருத்தை மாற்றிக்கொள்வது சின்ன விஷயமல்ல. அவர் மேல் எனக்கு மதிப்பு.

2019இல் வேலையின்மை 3.5 சதவீதத்துக்கு வந்தது. எதற்கும் லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களில் எத்தனையோ பேரை அதே முதலாளிகள்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள்.

*

ரேண்ட் கயாத் என்ற ஆய்வாளர் 4,800 கற்பனை விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு மேல் வேலையில்லாமல் இருந்தவர் என்று தெரிந்தால் அழைப்பு வருவது பெரிதும் குறைந்தது. அந்தத் துறையில் அனுபவமே இல்லாத, அண்மையில் வேலை இழந்தவருக்குக்கூட அவரைவிட அதிக அழைப்பு.

2010 வசந்தத்தில் வேலை தேடியவர்களில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் அந்த ஆறு மாத எல்லையைத் தாண்டியவர்கள். இந்த நிலையில்தான், வேலையில்லாதோர் உதவித்தொகை கொடுப்பதால்தான் வேலை தேடாமல் இருக்கிறார்கள் என்றும் பேசினார்கள். 2013 டிசம்பர் கடைசியில் நீட்டிப்பு உதவித்தொகையை நிறுத்தியபோது ஒரே நாளில் 13 லட்சம் பேருக்கு அது நின்றது.

*

சரி, பழி யார் மேல்?

முதலில் ஒபாமா அரசு. 2009 பிப்ரவரியில் 78,700 கோடி டாலர் ஊக்கத்திட்டம். ஆலோசகர் கிறிஸ்டினா ரோமர் இன்னும் பெரிய தொகை வேண்டுமென்றார், நடக்கவில்லை. திட்டம் வந்தால் வேலையின்மை 8 சதவீதத்தைத் தாண்டாது என்று முன்கூட்டியே வெளியிட்ட மதிப்பீடு பொய்த்துப்போக, திட்டமே வீண் என்று எதிர்க்கட்சி பிரசாரம் செய்ய வசதியாயிற்று. வீட்டுக்கடனில் தத்தளித்தவர்களுக்கான நிவாரணம் இன்னும் மோசம். 30 முதல் 40 லட்சம் குடும்பங்களுக்குத் தவணையைக் குறைப்போம் என்றார்கள், இலக்கை எட்டவேயில்லை. 2000 முதல் 2007 வரை குடும்பங்களின் கடன் 7 லட்சம் கோடி டாலரிலிருந்து 14 லட்சம் கோடியாகியிருந்தது. பொருளாதார அறிஞர்கள் அதிஃப் மியானும் அமீர் சூஃபியும் நோயின் வேர் இதுதான் என்று எழுதினார்கள். தவணை கட்டவே சம்பளம் போதாத வீட்டில் யார் கடைக்குப் போவார்கள்? வங்கிகளைக் காக்க 70,000 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்த வாஷிங்டனின் கை, வீடுகள் விஷயத்தில் நடுங்கியது.

அதைவிடப் பெரிய பங்கு சிக்கனம் பேசியவர்களுக்கு. மத்திய அரசு ஒரு கையால் கொடுக்க, வரவு செலவைச் சரிக்கட்டியே ஆகவேண்டிய மாநிலங்கள் மறு கையால் வெட்டின. மாநில, உள்ளாட்சி வேலைகள் ஐந்து லட்சத்துக்கும் மேல் போயின, அதில் பள்ளி ஆசிரியர்கள் ஏராளம். 2010 தேர்தலில் பிரதிநிதிகள் சபையைப் பிடித்த குடியரசுக் கட்சி, 2011இல் கடன் வரம்பைப் பிணையாக வைத்துச் செலவுக் குறைப்பைப் பெற்றது. 2013 மார்ச்சில் கண்மூடித்தனமான வெட்டு அமலுக்கு வந்தது. பெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னான்கி, இது மீட்சியைப் பாதிக்கும் என்று அந்தச் சபையிலேயே எச்சரித்தும் பலனில்லை. வட்டி 2008 டிசம்பரிலிருந்தே பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தது, அதற்குக் கீழே இறக்க இடமில்லை. அரசு செலவழித்தால்தான் உண்டு என்ற காலத்தில் அரசின் கையைக் கட்டினார்கள். ரூஸ்வெல்ட் அவசரப்பட்டுச் செலவைக் குறைத்து, 1937இல் நாடு மறுபடி சரிந்த அனுபவம் அவர்கள் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது.

சிக்கனக்காரர்களுக்கு ஆதாரமாக நின்றது பொருளாதார அறிஞர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் எழுதிய 2010 கட்டுரை. அரசின் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று அதைக் காட்டிப் பேசினார்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதைச் சரிபார்க்கப் போய், எக்செல் கணக்கில் சில நாடுகள் விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அது 2013இல். அதற்குள் வெட்டு நடந்து முடிந்திருந்தது.

*

பொருளாதார அறிஞர் ரகுராம் ராஜன் எதிர்த்தரப்பில் நின்றார். வீழ்ச்சிக்கு முந்தைய வளர்ச்சியே கடனால் ஊதியது, அதே அளவுக்கு மறுபடி ஊதப் பார்க்காதீர்கள், அடிப்படைகளைச் சரிசெய்யுங்கள் என்று 2012இல் எழுதினார். 2005லேயே ஆபத்தை முன்னறிவித்தவர், அலட்சியப்படுத்த முடியாது. நீண்டகாலத்துக்கு அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அடிப்படைகள் சரியாகும்வரை வீட்டு வாடகை காத்திருக்காது.

*

2020. ஏப்ரலில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது, இரண்டு மாதத்தில் இரண்டு கோடிக்கும் மேல் வேலைகள் காலி. இம்முறை அரசு மார்ச்சிலேயே 2.2 லட்சம் கோடி டாலர் ஒதுக்கியது, மறு ஆண்டு இன்னொரு 1.9 லட்சம் கோடி. பழைய வேலை எண்ணிக்கை 2022 நடுவிலேயே திரும்பிவிட்டது. பெருந்தொற்றால் வந்த சரிவும் வங்கிகளால் வந்த சரிவும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் செலவுக்கு ஒரு விலையும் இருந்தது: 2022 ஜூனில் விலைவாசி உயர்வு 9.1 சதவீதம். சம்பளக்காரர்களை அது உண்மையாகவே வாட்டியது.

அப்போது லாரன்ஸ் சம்மர்ஸ், 2009இல் ஒபாமாவின் தலைமைப் பொருளாதார ஆலோசகர்களில் ஒருவர், விலைவாசி அடங்க வேலையின்மை ஐந்து ஆண்டுகள் 5 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டிவரும் என்றார். 2023 டிசம்பரில் விலைவாசி உயர்வு 3.4 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. அந்த மாதம் வேலையின்மை 3.7 சதவீதம்.