கல்லில் கணித்த சாதகம்

நெவாடாவுக்கும் அரிஸோனாவுக்கும் நடுவே கொலராடோ நதியை மறித்து நிற்கும் ஹூவர் அணையைக் காண, லாஸ் வேகஸ் நகரிலிருந்து சுமார் 30 மைல் மோட்டாரில் சென்றோம். 726 அடி உயரமுள்ள அச்சுவரின் முன் பிரமித்து நிற்பது யாவர்க்கும் இயல்பே. ஆயினும் நம் மனத்தைக் கவர்ந்தது, பலர் பாராமலே மிதித்துச் செல்லும் ஒரு தரையாகும்.

நெவாடாக் கரையில், 142 அடிக் கொடிமரத்தின் இருபுறமும் 30 அடி உயரமுள்ள இரண்டு வெண்கல உருவங்கள் சிறகுகளை உயர்த்தி வீற்றிருக்கின்றன. நார்வேயில் பிறந்து அமெரிக்கப் பிரஜையான ஆஸ்கார் ஹான்ஸென் என்னும் சிற்பியின் கைவண்ணம் அது. மெருகிட்ட கரும்பாறைப் பீடத்தில் கீறல் படாதிருக்க, கற்களைப் பனிக்கட்டிமேல் இறக்கி, அது உருக உருக இடத்தில் பொருத்தினார்களாம். அதிர்ஷ்டம் வேண்டி வருவோர் தடவித் தடவி, உருவங்களின் கால்விரல்கள் பொன்போல் மின்னுகின்றன.

அருகே, பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் பதித்து மெருகேற்றிய தரையில் ஒரு வானமே விரிந்து கிடக்கிறது. 1935-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அணையை நாட்டுக்கு அர்ப்பணித்த நாளில் விண்மீன்கள் இருந்த நிலையை அங்கே பொறித்திருக்கின்றனர். குழந்தை பிறந்தால் நாம் சாதகம் கணிப்பதில்லையா? இவர்கள் அணைக்கே கணித்துவிட்டார்கள்!

பூமியின் அச்சு, தலையாட்டும் பம்பரம்போல் ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய 26,000 ஆண்டுகள் ஆகும். எகிப்தியர் பிரமிடு கட்டிய காலத்தில் துருவத்தில் விளங்கியது தூபன் என்னும் மீன். இன்று விளங்குவது நாம் அறிந்த துருவ நக்ஷத்திரம். இன்னும் 12,000 ஆண்டுகள் சென்றால் அபிஜித் அப்பதவிக்கு வரும். ஆகவே, நம் எழுத்துக்கள் யாவும் மறைந்தாலும், வானநூல் கற்ற ஒருவன் இத்தரையைக் கொண்டே அணையின் பிறந்த நாளைக் கணக்கிட்டுவிடலாம்.

தலை நிமிர்ந்தோம். அணையால் தேங்கிய மீட் ஏரியின் கரைப் பாறைகளில் வெண்மையான பட்டை ஒன்று தென்பட்டது. முன்பு அவ்வுயரம்வரை நின்ற நீர், தன்னிடமிருந்த சுண்ணாம்புச் சத்தைப் படியவிட்டு இறங்கியதன் அடையாளம் அது. 2000 முதல் தொடர்ந்த வறட்சியால் 2022-ல் ஏரி மிகவும் தாழ்ந்தது. அணை புதிதாய் நிரம்பிக்கொண்டிருந்த 1937-க்குப் பின் நீர் அவ்வளவு இறங்கியதில்லை.

சிற்பி பல்லாயிரம் ஆண்டுகளை எண்ணிக் கல்லில் எழுதினான். நதியோ, இருபது ஆண்டுகளின் கணக்கை எதிர்ப்பாறையில் எழுதிவிட்டது. அணைகளைத் தேசத்தின் பெருமையாகக் கொண்ட நாமும் இவ்விரண்டு எழுத்துக்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.