பொன் காத்த டிராகனும் தாத்தாவின் ஆடுகளும்

விடுதியின் மூன்றாம் மாடியிலே, சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு, நாங்கள் ஐவரும் ஒரே மூச்சில் எரிந்து போனோம். நண்பர்களே, அஞ்ச வேண்டாம்! எரிந்தது காகிதத்தின் மேல்தான்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது 1974-இல் அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் வெளியிட்ட ஆட்டம். ஒருவர் கதை சொல்வார்; மற்றவர் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ அக்கதைக்குள் நடப்பர்; வெற்றி தோல்வியைப் பகடை சொல்லும். அன்று எங்கள் எதிரே இருந்தது செந்நிற டிராகன். அதற்கு 256 உயிர்ப்புள்ளி. எங்கள் மந்திரவாதிக்கோ ஐம்பதுதான்! குகைக்குள் பொற்குவியலின் மேல் அது படுத்திருந்தது.

பொன்னும் குகையும் எனக்குப் புதியனவா? நான் பங்காருபேட்டைக்காரன். என் தாத்தா கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்திலே வேலை செய்தவர். நிலத்துக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் போகும் சுரங்கம் அது. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், ரயில் சந்திப்பின் அருகே குடிவந்தார். அந்த வீட்டுத் திண்ணையிலே சாக்கட்டியால் கோடு கிழித்து எனக்கு ஆடுபுலி ஆட்டம் கற்பித்தார். புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆட்டின் பின்னால் நேர்க்கோட்டில் இடம் காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டிவிடும். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே இல்லை. புலியை நகரவிடாமல் அடைப்பது ஒன்றே அதற்கு வழி. "பின்னாலே காலி வுடாதே, சேர்ந்து நில்லு" என்பதுதான் எனக்கு அரிச்சுவடி. பானிபூரிப் பந்தயம் வைத்து எத்தனை முறை தோற்றேன்!

அந்தப் பாடத்தைத்தான் குகையிலும் சொன்னேன். ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்து நின்றோம். டிராகன் வாயைத் திறந்தது. பதினெட்டுப் பகடைகள் உருண்டன. என்னத்தைச் சொல்ல! யோசனை என்னுடையது, சாம்பலானது ஐவரும். மூன்று நாள் எவரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

விடுமுறையிலே தாத்தாவிடம் முறையிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நெருப்பு எப்படிடா வருது?"

"முறம் மாதிரி விரிஞ்சு வரும் தாத்தா. அறுபது அடிக்கு."

"அப்போ வாய்கிட்டே குறுகலாத்தானே இருக்கும்?"

நான் விழித்தேன்.

"ஊதினதும் மறுபடி ஊதுமா?"

"உடனே ஊதாது. அதோட முறை வரும்போதெல்லாம் பகடை போடணும். அஞ்சோ ஆறோ விழுந்தாத்தான் ஊதும்."

"பாறை வெடிக்கிற இடத்துலே கும்பலா நிப்பாங்களாடா? பலகையிலே ஆடு சேர்ந்து நிக்கிறது புலிக்குக் கால் வைக்க இடம் இல்லாம பண்றதுக்குத்தான். பக்கத்துலே போ. ஆளுக்கொரு பக்கமா நில்லு. பறக்கிறதுக்கு இடம் குடுக்காதே."

கதை சொல்லும் நண்பர் பெருந்தன்மை உடையவர். மறுபடியும் மோத இடம் தந்தார். இம்முறை பொற்குவியலிலிருந்து ஒரு கிண்ணத்தை முதலில் திருடினோம். சினந்த டிராகன் எங்களைத் துரத்திக்கொண்டு, சிறகு விரிக்க முடியாத இடுக்குப் பாதைக்குள் வந்தது. நால்வர் பக்கக் குகைகளில் பதுங்கினர். யாராவது ஒருவர் எதிரே நின்று முதல் நெருப்பை வாங்க வேண்டும். நெருப்பைப் பாதியாகக் குறைக்கும் மந்திரம் ஒருவருக்குத்தான் இருந்தது. முன்பு கெடுத்தவன் நான், நானே நின்றேன். நெருப்பு வந்தது; தாங்கினேன். அடுத்த கணம் நால்வரும் நான்கு பக்கமும் பாய்ந்து அதன் உடலோடு ஒட்டி நின்றனர். மறுபடி ஊதப் பகடை போட்டது: இரண்டு. மீண்டும் போட்டது: மூன்று. திரும்பவும் இடமில்லை, எழும்பவும் வழியில்லை. நகத்தாலும் வாலாலும் அடித்தது. அதிலே என் வீரன் விழுந்தான், எழவில்லை. ஆயினும் டிராகன் சாய்ந்தது. விடுதிக் காவலர் வந்து அதட்டும்வரை கூச்சலிட்டோம்.

மறுநாள் காலை பங்காருபேட்டைக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஜெயித்தீர்களா என்று தாத்தா கேட்கவில்லை.

"எத்தனை பேருடா மேலே வந்தீங்க?" என்றார்.

"நாலு பேர், தாத்தா."

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. விளையாட்டுத்தானே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.