கணினியின் நினைவகமும் எம் வழிச்செலவும்

கணினியைப் பற்றி எழுதத் தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவனுக்கு என்ன உரிமை உண்டென்று பௌதிக வகுப்பு நண்பர்கள் வினவக்கூடும். உரிமை ஒன்றுமில்லை, இடுக்கண் ஒன்று உண்டு. அதனைக் கூறவே இக்கட்டுரை எழுந்தது.

'தமிழ் விடு தூது' என்னும் நூலை அன்பர் பலரும் அறிவர். மதுரைச் சொக்கநாதரிடம் தமிழையே தூதாக விடுப்பதாகப் பாடப்பெற்ற அந்நூல் 268 கண்ணிகளையுடையது. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1930 ஆம் ஆண்டில் அதனை அச்சிட்டு வெளிப்படுத்தினார்கள். அதன் பதிப்புக்கள் மூன்றினை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்தல் இவ்வாண்டு எமக்குப் பணிக்கப்பெற்ற வேலை. மூன்றும் பக்கம் பக்கமாக எடுத்த படங்களாகவே எமக்குக் கிடைத்தன. மொத்தம் 240 பக்கங்கள்.

திருநகரில் எம் இல்லத்திலுள்ள மடிக்கணினி, தமக்கையார் தம் படிப்பு முடிந்தபின் எமக்களித்தது. அதன் ரேம் 4 ஜிகாபைட்டு. வன்தட்டு பழைய சுழலும் வகையினது. மூன்று பதிப்புக்களையும் ஒருங்கே திறந்தோமாயின், அம்புக்குறி அசையாது நிற்கும். வன்தட்டின் சிறு விளக்கு ஓயாது மினுக்கும். அன்னையார் காப்பி கலந்து கொணர்ந்து வைப்பார்கள். காப்பி ஆறிவிடும், அடுத்த பக்கம் வந்திராது.

நகரத்துக் கடையொன்றிற் கொண்டுபோய்க் காட்டினோம். 'தம்பி, ரேமை எட்டாக்கிவிடுங்கள். பிறகு பாருங்கள், பறக்கும்' என்றார் கடைக்காரர். அவர் கூறிய விலை, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு அத்தையார் எமக்கு அளித்த பணத்திற்கு ஏறக்குறைய ஒத்திருந்தது. அப்பணமோ, 1943 இல் நிறுவப்பெற்ற சென்னைச் சாமிநாதையர் நூல்நிலையத்திற்குச் சென்று பழம்பதிப்பையும், கிடைக்குமாயின் ஏட்டையும், நேரிற் கண்டு வருதற்கென யாம் வைத்திருந்தது. ரேமா, இரயிலா என்னும் வினா இவ்வாறு எழுந்தது. விடை தெரியாது பணத்தைக் கொடுக்க மனம் ஒருப்படாமையின், கணினி தன் நினைவை எங்ஙனம் ஆள்கின்றது என்பதனைக் கற்கத் தொடங்கினோம்.

யாம் அறிந்துகொண்டது இது. கணினி தான் நடத்தும் ஒவ்வொரு செயலிக்கும், 'இடையறாத பெருநினைவு முழுதும் உனக்கே' என்று ஒரு தோற்றத்தைக் காட்டுகின்றது. இதுவே மெய்நிகர் நினைவகம். அந்நினைவு 4096 பைட்டு கொண்ட சிறு பக்கங்களாக வகுக்கப்பெற்றிருக்கும். பக்கம் என்னும் பெயர் அதற்கு வழங்குவது எமக்கு மகிழ்ச்சி தந்தது. எம் கணினியின் ரேம் இத்தகைய பக்கங்கள் 10,48,576 கொள்ளும். எப்பக்கம் மெய்யாக எவ்விடத்தில் உள்ளது என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. செயலி வேண்டும் பக்கம் ரேமில் இல்லையாயின், கணினி அச்செயலியைச் சற்றே நிறுத்தி, வன்தட்டிலிருந்து அப்பக்கத்தைக் கொணரும். இடமில்லையேல் வேறொரு பக்கத்தை வன்தட்டுக்கு அனுப்பிவிட்டுக் கொணரும். நூலறையில் மேசைமேல் இடம் நிரம்பியவழி ஒரு நூலை அலமாரிக்கு அனுப்பி மற்றொன்றை வருவித்தல் போன்றதே இது. மெய்நிகர் நினைவகம் என்பது வன்தட்டில் ஒதுக்கிய இடமே எனச் சிலர் கருதுகின்றனர், அது பிழை. ரேம் எத்துணைப் பெரிதாயினும் இவ்வட்டவணை முறை ஓய்வதில்லை. ஒரு செயலி மற்றொன்றன் நினைவில் கை வையாது காப்பதும் இதுவே.

இம்முறை இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஆக்கிய அட்லஸ் என்னும் கணினியில் கையாளப்பெற்றது. 1962 டிசம்பரில் அது தொடங்கி வைக்கப்பெற்றது. அதன் விரைவு நினைவு 512 சொற்கொண்ட 32 பக்கங்களே கொள்ளும். அதனினும் ஆறு மடங்கு பெரிதாகிய சுழலுருளை ஒன்று துணைநின்றது. இரண்டையும் ஒன்றெனவே எண்ணி எழுதுவோர் எழுதலாம். மாற்றி மாற்றி வைக்கும் தொல்லை கணினியைச் சார்ந்தது.

தொல்லை சிறிதன்று. ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோவிநாடி ஆகுமெனின், சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க 10 மில்லிவிநாடி ஆகும். அஃதாவது லட்சம் மடங்கு. மேசைமேலுள்ளதை எடுக்க ஒரு விநாடி ஆவதாகக் கொண்டால், வன்தட்டினின்று வருவிக்க ஏறத்தாழ 28 மணி நேரம் ஆகும். சென்னைக்குப் போய் ஏட்டைப் பார்த்துத் திரும்புவதற்குக் கிட்டத்தட்ட இத்துணை நேரம் வேண்டும். இக்காலத்துச் சுழலாத எஸ்.எஸ்.டி. வகையாயின் 17 நிமிடம். எம் வீட்டினின்று திருப்பரங்குன்றத்திற்கு மிதிவண்டியிற் போய்ச் சேருங்காலம் என்னலாம். ஒரு வேலைக்கு ஒரே காலத்தில் வேண்டும் பக்கங்கள் ரேமில் அடங்காவிடின், கணினி வேலையை விட்டுப் போக்குவரவே செய்துகொண்டிருக்கும். அந்நிலையைத் திராஷிங் என்பர். 1968 இல் பீட்டர் டென்னிங் என்பார் இதன் காரணத்தை விளக்கினார். எம் காப்பி ஆறியதும் இதனாலேயே.

ஆயின் 268 கண்ணிகளுக்கு 4 ஜிகாபைட்டு போதாதா? எழுத்தாக மட்டும் வைத்தால் யூனிகோடு முறையில் தமிழ்க் குறியொன்றுக்கு 3 பைட்டு. நூல் முழுவதும் எம் கணக்கில் 50 கிலோபைட்டு அளவில் முடியும். படமோ அவ்வாறன்று. ஒரு பக்கப் படத்தில் 1650 × 2550 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட்டு எனின் 1 கோடியே 26 லட்சம் பைட்டு. நூல் முழுதையும் இருநூற்றைம்பது முறை எழுதி வைக்கும் இடத்தை ஒரு பக்கத்தின் படம் கொள்கின்றது! வன்தட்டில் சுருக்கி வைத்திருப்பதனால் கோப்பு சிறிதாகத் தோன்றி எம்மை ஏமாற்றியது, திறந்தவுடன் விரிந்துவிடும். 240 பக்கங்களும் விரிந்தால் 3 ஜிகாபைட்டு. கணினியின் பிற அலுவல்களோ முன்னரே 2 ஜிகாபைட்டு அளவினைக் கொண்டிருந்தமை டாஸ்க் மேனேஜரில் தெரிந்தது.

ஆகவே கடைக்காரர் கூற்று பொய்யன்று. 8 ஜிகாபைட்டில் யாவும் அடங்கியிருக்கும்.

எனினும், இடம் கூடின் வேலை குறையும் என்பது எஞ்ஞான்றும் மெய்யோ? ஐ.பி.எம். நிறுவனத்து பெலாடி என்பாரும் அவர்தம் துணைவரும் 1969 இல் காட்டிய ஒரு வியப்பை எம் உணவு மேசையிற் செய்து பார்த்தோம். ஐந்து தாள்களில் 1 முதல் 5 வரை எண்ணிட்டு அடுத்த அறையில் வைத்தோம். 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்னும் வரிசையில் யாம் கேட்க, மேசையில் இல்லாததைத் தங்கை கொணரவேண்டும். இடமில்லையேல் முதலில் வந்த தாள் முதலில் வெளியேறவேண்டும். மேசையில் மூன்று தாளுக்கு இடம் வைத்தபோது அவள் 9 முறை நடந்தாள். நான்காக்கியபோது 10 முறை நடந்தாள். 'அண்ணே, இடத்தையும் கூட்டிவிட்டு என்னையும் கூட நடக்க விடுகிறாயே' என்று சினந்து, மூன்றாம் ஆட்டத்திற்கு மறுத்துவிட்டாள். முதலில் வந்ததை முதலில் தள்ளும் முறையின் குறை இது. நெடுநேரம் தொடாததைத் தள்ளி, அண்மையில் தொட்டதைக் காக்கும் முறையில் இப்பிறழ்ச்சி நேராது. ஆதலின் இதனைக் காட்டிக் கடைக்காரரை மறுத்தல் முறையன்று.

அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர்க்கு நேர்ந்தது வேறு வகை. 2011 இல் அரசினர் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியதன் பின், நம் பக்கத்தில் பழங்கணினி இல்லாத தெரு அரிது. ரேம் கூட்டினால் ஓடுமா என்னும் கேள்வியும் அவ்வாறே. அப்பெரியவர் விலைக்கு வாங்கிய மேசைக்கணினியில் 4 ஜிகாபைட்டுக்கு மேலும் ரேம் செருகினார். அதில் இருந்த விண்டோஸோ 32 பிட்டு வகையினது. 32 பிட்டினால் சுட்டத்தக்க முகவரிகள் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். அஃதாவது 4 ஜிகாபைட்டு. மிகுதியை அது எட்டவில்லை. செலவைச் சொல்லிச் சொல்லி அவர் இன்றும் வருந்துகின்றார்.

இனி எம் வழக்கு. ஒரு கண்ணியை ஒப்பிடுங்கால் எமக்கு வேண்டுவன பதிப்புக்கு ஒரு பக்கமாக மூன்றே பக்கங்கள். 240 பக்கங்களையும் விரித்துக் கொண்டிருந்தது எம் அறியாமையே. பதிப்பு ஒவ்வொன்றையும் பத்துப் பத்துப் பக்கங்களாகப் பிரித்து வைத்தோம். மூன்று பகுதிகளையும் ஒருங்கே திறந்தால் 30 பக்கம், 378 மெகாபைட்டு. வன்தட்டின் விளக்கு மினுக்குதல் நின்றது. அன்று காப்பியைச் சூடாகவே அருந்தினோம். ஒரு பகுதியின் கடைசிப் பக்கத்தில் தொடங்கி அடுத்ததில் முடியும் கண்ணிகள்தாம் சிறிது தொல்லை தருகின்றன. அவற்றைக் கையால் எழுதி வைத்துக்கொள்கின்றோம். அசையும் படங்களைத் தொகுக்கும் வகுப்புத் தோழர் ஒருவர்க்கு அவ்வாறு பிரிக்க வழியில்லை. அவரை அக்கடைக்கே அழைத்துச் சென்று, ரேம் வாங்கச் சொன்னோம்; அவர் கணினி இப்பொழுது நன்றாக ஓடுகின்றது. கடைக்காரர் எம்மை நோக்கி, 'உங்களுக்கு வேண்டாமா, தம்பி?' என்று கேட்டார்.

வரும் வெள்ளியிரவு பாண்டியன் விரைவு வண்டியில் சென்னைக்கு இடம் பதிந்திருக்கின்றோம். மடிக்கணினியும் உடன் வருகின்றது. அதில் இரண்டாம் ரேம் செருகுவதற்குரிய இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது.