பிரான்சும் ஹைட்டியும் – நான் சொன்ன தப்பான பதில்



பிரெஞ்சுப் புரட்சி பாடம் முடிந்த அன்று சார், பிரான்சின் காலனியான ஹைட்டியிலும் 1791-ல் புரட்சி வெடித்தது என்றார். நான் எழுந்து, "ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான் சார், அடக்குமுறை" என்றேன். "அப்படியா? நல்லா யோசிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. நூலகத்தில் தேடிப் படித்தேன்.

பிரான்சின் கதை நமக்குத் தெரிந்ததுதான். அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவப் போய் அரசுக்குக் கடன் ஏறியது. பிரபுக்களும் பாதிரிமார்களும் பெரும்பாலான வரிகளைக் கட்டவில்லை. 1788-ல் ஆலங்கட்டி மழையில் பயிர் போச்சு. 1789-ல் கூலிக்காரனின் சம்பளத்தில் பாதிக்கு மேல் ரொட்டிக்கே சரியாய் இருந்தது.

இதை வீட்டில் சொன்னேன். எங்க அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். சோகை அறுத்த கையில் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, அந்த ஹைட்டிக்காரங்களுக்கு ரொட்டி விலை ஏறினா என்ன, இறங்கினா என்ன? அவங்களுக்குக் கூலியே கிடையாதே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹைட்டியில் இருந்த சுமார் 5 லட்சம் அடிமைகள் வரிச்சுமையால் எழவில்லை. அவர்களே பிறருடைய சொத்தாக இருந்தார்கள். கரீபியன் கரும்பு ஆலைகளில் உருளையில் கை சிக்கினால் வெட்டி எடுக்கப் பக்கத்திலேயே கோடாலி இருக்குமாம். இதைப் படித்துவிட்டு அப்பா கையைப் பார்க்க முடியவில்லை.

மனிதர் எல்லோரும் பிறப்பில் சமம் என்று 1789-ல் பிரான்சின் சபை அறிவித்தது. ஆனால் அடிமைமுறையை அப்படியே விட்டுவிட்டது. துறைமுக வியாபாரிகளுக்குச் சர்க்கரைப் பணம் வேண்டுமே! 1794-ல் ஒழித்ததும் இரக்கத்தால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கிலாந்தோடும் ஸ்பெயினோடும் சண்டை நடந்தபோது ஹைட்டியின் வீரர்கள் தேவைப்பட்டார்கள். நெப்போலியன் அனுப்பிய படை 1802-ல் வந்து இறங்கியது. தலைவர் தூசான் லூவர்த்தூர் பிடிபட்டு 1803-ல் பிரான்சின் குளிர்ந்த கோட்டைச் சிறையில் இறந்தார். ஆனாலும் 1804 ஜனவரி 1-ல் ஹைட்டி விடுதலை அடைந்தது. 1825-ல் பிரான்ஸ், தோட்ட முதலாளிகளின் நஷ்டத்துக்காக 15 கோடி பிராங்க் கேட்டது. விடுதலை ஆனவனே தனக்கு விலை கொடுக்கணுமாம்! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் புரியவில்லை. ஹைட்டியில் கரும்புத் தோட்டங்கள் எரிந்ததால் பாரிஸில் சர்க்கரை விலை ஏறியது. 1792 ஜனவரியில் ஏழை மக்கள் கடைகளுக்குள் புகுந்து கலகம் செய்தார்கள். அவர்களும் புரட்சிக்காரர்கள்தான். விலை ஏன் ஏறியது, அந்தக் கரும்பை வெட்டியது யார் என்று அவர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்?

நேற்று சாரிடம் இதைக் கேட்டேன். "நீயே எழுதி ஒட்டு, மத்தவங்களும் யோசிக்கட்டும்" என்றார். ஒட்டிவிட்டேன்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி