வெட்டாமல் விடுவதற்கு முன்

பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து மலக்குடல் புற்றுநோயோடு வருபவர்களில் பலர் முதலில் கேட்பது, "பை வைக்கணுமா சார்?" என்றுதான், வயிற்றில் மாட்டும் மலப்பையைச் சொல்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் போய், எட்டு மணி நேரம் லைனில் நிற்பவரின் நியாயமான கேள்வி அது. பை இல்லாமல் குடலை ஆசனவாயோடு இணைத்துவிட்டாலும் பலருக்கு நாளுக்குப் பலமுறை, அடக்க முடியாத அவசரத்தோடு போகவேண்டி வரும். தன் இடத்தில் நிற்க இன்னொருவர் வந்தால்தான் நகரமுடியும் என்ற வேலையில் அதை எப்படிச் சமாளிப்பது?

மலக்குடலை அதைச் சூழ்ந்த கொழுப்போடு சிதையாமல் ஒரே பொதியாக எடுக்க வேண்டும் என்று 1982இல் பிரிட்டனின் அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் எழுதினார். என்னைப் போன்ற அறுவை மருத்துவர்கள் பயின்றதும் பெருமைப்படுவதும் அந்தக் கைவேலையில்தான். சாவோ பாலோவின் அறுவை மருத்துவர் ஆஞ்சலிட்டா ஹப்ர்-காமா வேறொன்றைச் சொன்னார். கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்த 265 பேரில் 71 பேருக்குக் கட்டி முழுதாக மறைந்துவிட்டது. அவர்களை அறுக்காமல் கண்காணித்தேன் என்று 2004இல் எழுதினார். எங்கள் துறையில் பலர் அதை நம்ப மறுத்தார்கள்.

இங்கே கதிர்வீச்சைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். சுமார் ஐந்தரை வாரம் கரண்ட், கூடவே கேப்சிடபின் மாத்திரை, அதன்பின் சில மாதம் கீமோ. அது முடிந்து சில வாரங்கள் கழித்து விரல் வைத்துப் பார்க்கும் நேரம்தான் இந்தத் தொழிலின் உச்சம். முன்பு கரடுமுரடாகத் தட்டுப்பட்ட இடம், ஆறிய தீக்காயம்போல் வழவழப்பாக இருக்க வேண்டும். சிறு முடிச்சு இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். ஸ்கோப்பில் வெளுத்த தழும்பும் எம்.ஆர்.ஐ.யில் கறுத்த தழும்பும் மட்டுமே தெரிய வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால்தான் நம்புவேன். பயாப்ஸியில் 'இல்லை' என்று வந்தால் மட்டும் போதாது. செல்கள் அடியில் தசைக்குள் ஒளிந்திருக்கலாம்.

சிறிதாக மீந்திருப்பதை ஆசனவாய் வழியாகவே வெட்டி எடுக்கலாம். சின்ன அறுவை என்று நோயாளி மகிழ்வார், நான் தயங்குவேன். கரண்ட் பட்ட சதை லேசில் ஆறாது, தையல் பிரியும், வலி வாரக்கணக்கில் நீடிக்கும். எடுத்த துண்டில் நோய் ஆழமாக இறங்கியிருந்தால் மலக்குடல் முழுவதையும் எடுக்க வேண்டும், அதுவும் தழும்பேறிய பாதையில். 2017இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் இப்படி இரண்டு அறுவைக்கும் ஆளானவர்களே அதிகம் அவதிப்பட்டார்கள்.

கட்டி மறைந்ததால் அறுக்காமல் காத்திருந்த 880 பேரின் பன்னாட்டுப் பதிவேடு 2018இல் வெளியானது. இரண்டே ஆண்டுகளில் கால்வாசிப் பேருக்கு மீண்டும் வளர்ந்திருந்தது; அதில் 97 சதவீதம் குடல்சுவரில். விரலும் ஸ்கோப்பும் எட்டும் இடம் அது, ஆள் வந்தால். முதல் இரண்டு ஆண்டுகளாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தே ஆக வேண்டும்.

அதனால் எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் வாங்கும் முன்பே கேட்டுவிடுவேன்: "தம்பி, எந்த ஷிப்டு? கான்ட்ராக்ட் எப்ப முடியுது? சொந்த ஊர் எது?" பலருக்கு லீவு என்றால் அன்றைய கூலி போச்சு. புற்றுநோய்க்கு ஈ.எஸ்.ஐ.யில் நீட்டித்த நோய்க்கால உதவித்தொகை உண்டு. ஆனால் இரண்டு ஆண்டுத் தொடர் வேலை கேட்பார்கள். கான்ட்ராக்டர் மாறி மாறி உழைப்பவர் அதற்கு எங்கே போவார்? வலி நின்றதும் வருகையும் நிற்கும். அறையைக் காலி செய்துகொண்டு திருநெல்வேலிக்கோ ஒடிசாவுக்கோ போய்விட்டால், திரும்பி வளரும் கட்டியை யார் விரல் தொடும்?

இங்கேயே இருப்பவருக்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை எட்டும் தூரம்தான். ஊருக்குப் போகிறவரிடம் அங்குள்ள மருத்துவருக்குக் கடிதமும் ஸ்கேன் சி.டி.யும் கொடுத்து, அண்ணன் நம்பரையும் மனைவி நம்பரையும் வாங்கிக்கொள்கிறேன். இதில் எதுவுமே அமையாதவருக்குத் தழும்பு எவ்வளவு வெளுத்திருந்தாலும் பெரிய அறுவையைத்தான் சொல்கிறேன்.